கொல்லிமலை ஏறும் முன் உங்கள் காரின் தெர்மோஸ்டாட்டை விசாரித்தீர்களா?

வண்டி பேசுது – 23

"நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? கழட்டிப் போட்டாச்சு. இனிமே வண்டி சூடே ஆகாது."

இந்த வசனத்தை நீங்களும் ஏதாவது ஒரு பட்டறையில் கேட்டிருப்பீர்கள். எங்கள் அப்பா மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு மே மாதத்தில் சேலத்தில் கேட்டார். கழற்றியதற்கு அந்த மெக்கானிக் கூலிகூட வாங்கவில்லையாம். 'எவ்வளவு நல்ல மனுஷன்' என்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இலவசத்துக்கான பில் போன மாதம் பேளுக்குறிச்சியில் வந்தது.

பேளுக்குறிச்சி நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கே கூடும் மளிகைச் சந்தை சுற்று வட்டாரத்தில் பிரசித்தம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் என்று வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிப் போக சேலம், ஈரோடு பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ராசிபுரம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கும் ஊர் என்பதால், அம்மா ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் திட்டம் போட்டார். காலையில் சந்தை, மதியம் மலை, அறப்பளீஸ்வரர் தரிசனம், ராத்திரி வீடு.

எங்களுடையது 11 வயசான டீசல் செடான். பின்னால் இரண்டு மூட்டை, நான்கு பேர், ஏசி. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பித்தது.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவர்கள் எந்த மலையையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். வால்பாறைப் பாதையில் 40, ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36. கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதியிருக்கும். எண்ணிக்கொண்டே போகலாம். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். இன்ஜின் முழு மூச்சோடு உழைக்கிறது, ஆனால் வண்டியின் வேகமோ 20 கிலோமீட்டர். ரேடியேட்டருக்குள் இயல்பாகப் புக வேண்டிய காற்று புகாது. ஃபேன் ஒன்றுதான் துணை. ஒரு காரின் கூலிங் சிஸ்டத்துக்கு நம் ஊரில் இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

22-வது வளைவில், எப்போதும் பாதிக்குக் கீழேயே படுத்துக்கிடக்கும் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டியது. 25-ல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினோம்.

அடுத்து அப்பா செய்யப் போனதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வார்கள். பானெட்டைத் தூக்கிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். பின் சீட்டில் இருந்து அம்மா போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஆவி அடங்காத குக்கரைத் திறப்பீங்களா? அதுவும் குக்கர்தானே!"

அம்மா மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்ததில்லை. ஆனால், சொன்னது அச்சு அசல் உண்மை. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொல்லிமலையின் உயரத்தில் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு வேக நேரமாகும், குக்கர் வேண்டும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கூலன்ட்டின் கொதிநிலையை 120 டிகிரிக்கும் மேலே தள்ளுகிறது. சூடான நேரத்தில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இன்ஜின் ஆற முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை கை வைக்காதீர்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து, ரிசர்வ் டேங்க்கில் தண்ணீர் விட்டுக்கொண்டு, மேலே ஏறும் ஆசையை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினோம். கியரிலேயே இறங்கினோம். இறக்கத்தில் முள் மளமளவென்று கீழே விழுந்தது. காரவள்ளி வருவதற்குள் மறுபடி படுத்துக்கொண்டது. "பாரு, சரியாயிடுச்சு" என்றார் அப்பா. எனக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது.

"ஊசி நடுவுக்கே வராதுங்களா?"

பேளுக்குறிச்சிக்கே திரும்பி, சந்தையில் விசாரித்து ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். வேப்பமரத்தடி, ஒரு தகரக் கொட்டகை, பாதி பிரித்துப் போட்ட ஒரு மினி லாரி. ஐம்பது வயதிருக்கும் அண்ணன் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மலையில் சூடாகி இறங்கிவரும் வண்டிகள் அவருக்குப் புதிதல்ல. பானெட்டைத் திறந்ததும் ஃபேனைப் பார்ப்பார், வாட்டர் பம்ப்பைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்க சார், சாதாரணமா ஓட்டறப்ப ஊசி எங்க நிக்கும்?"

அப்பா பெருமையோடு சொன்னார், "கீழதான். மூணு வருஷமா நடுவுக்கே வந்ததில்ல. அவ்ளோ கூலிங்!"

"நடுவுக்கே வராதுங்களா?" என்று சிரித்தார் அவர். "அப்ப உள்ள வால்வே இருக்காதுங்க."

ஹோஸ் இணையும் இடத்தில் இருந்த இரண்டு போல்ட்டைக் கழற்றி, அந்தச் சின்ன அலுமினிய மூடியைத் திறந்து காட்டினார். தெர்மோஸ்டாட் உட்கார வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. சுற்றிலும் செங்கல் நிறத்தில் துருச்சேறு. அப்போதுதான் அப்பாவுக்கு சேலத்து மே மாதம் ஞாபகம் வந்தது.

இத்தனைக்கும் கடந்த மூன்று வருஷமாக 'மைலேஜ் ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர் குறையுது' என்று ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கையும் திட்டிக்கொண்டு, பங்க் மாற்றி மாற்றி டீசல் போட்டவர் அவர். வண்டி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

ஒரு சொட்டு மெழுகு செய்யும் வேலை

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு தட்டு. குப்பிக்குள் மெழுகு. கரன்ட் கிடையாது, வயர் கிடையாது. கூலன்ட் சூடாகும்போது மெழுகு உருகி விரிகிறது. விரியும் மெழுகு ஒரு ஊசியைத் தள்ள, தட்டு திறக்கிறது. ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தட்டைத் திருப்பி மூடும். இந்த மெழுகு உத்தியை 1930-களில் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த செர்ஜியஸ் வெர்னெட். ஹோட்டல் குளியலறைகளில் வெந்நீரையும் தண்ணீரையும் தானாகக் கலந்து ஒரே சூட்டில் தரும் குழாய்களிலும் இதே மெழுகு வேலைதான் நடக்கிறது.

இந்த வால்வு எதைத் திறக்கிறது, எதை மூடுகிறது?

இன்ஜினைச் சுற்றி கூலன்ட்டுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று சின்னச் சுற்று: இன்ஜினுக்குள்ளேயே, வாட்டர் பம்ப் வழியாகச் சுற்றிச் சுற்றி வருவது. இன்னொன்று பெரிய சுற்று: ரேடியேட்டர் வரை போய், சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். கூலன்ட் சின்னச் சுற்றிலேயே ஓடும். அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். 82, 88 என்று வண்டிக்கு ஏற்றபடி ஒரு டிகிரி வந்ததும் வால்வு திறக்க ஆரம்பித்து, ரேடியேட்டருக்கு வழிவிடும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுசாகத் திறந்துகொள்ளும். ஓட்டும் நேரம் முழுக்க அது கொஞ்சம் திறப்பதும் கொஞ்சம் மூடுவதுமாகத்தான் இருக்கும். மலை ஏறினால் அகலத் திறக்கும், இறங்கும்போது மூடிக்கொள்ளும். எங்கள் வண்டி இறக்கத்தில் மளமளவென்று ஆறியதற்குக் காரணம், மூட ஆள் இல்லாததுதான்.

"இன்ஜின் சீக்கிரம் எதுக்குச் சூடாகணும்? குளிர்ச்சியா இருந்தா நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அப்பாவும் கேட்டார்.

இன்ஜினுக்குப் பிடித்த சூடு கிட்டத்தட்ட 90 டிகிரி. அதன் பிஸ்டன், ரிங், ஆயில் எல்லாம் அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. வெளியே சேலத்து வெயில் 40 டிகிரி என்றாலும், இன்ஜினுக்கு அது 50 டிகிரி குளிர். 'நம்ம ஊர் வெயில்' என்ற வாதம் அடிபடுவது இங்கேதான். மலை ஏறும்போது வரும் சூட்டையும் தாங்க வேண்டும் என்பதால் ரேடியேட்டரைப் பெரிதாகவே வைக்கிறார்கள். அதே ரேடியேட்டர் சமவெளியில், நெடுஞ்சாலைக் காற்றில், தேவைக்கு அதிகமாகக் குளிர்வித்துவிடும். குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாது. 'இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை' என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேய்மானம் கூடும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் சேரும். புகைப்போக்கியில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர், அவ்வப்போது தன்னிடம் சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அந்த வேலை தொடங்காது. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். புது வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்தால், பி0128 என்ற கோடோடு செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். யாராவது 'சென்சார் போயிருச்சு' என்று சொல்லி சென்சாரை மாற்றும் முன், தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, குளிர்ச்சியாக ஓடிய வண்டி மலையில் ஏன் சூடானது? இதுதான் எனக்கும் புரியாத புதிராக இருந்தது. அண்ணன் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். ஒன்று பெரிய சுற்றைத் திறக்கும்போதே, அடியிலிருக்கும் இன்னொன்று சின்னச் சுற்றின் வாயை அடைக்கும். அப்போதுதான் கூலன்ட் முழுசும் ரேடியேட்டருக்குப் போகும். வால்வையே கழற்றிவிட்டால் இரண்டு வாசலும் எப்போதும் திறந்துகிடக்கும். சமவெளியில் ரேடியேட்டர் பக்கம் போகும் பங்கே தேவைக்கு அதிகம், அதனால் இன்ஜின் ஆறிப்போகும். மலையில் நிலைமை தலைகீழ். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் குறுக்குவழியில் இன்ஜினுக்கே திரும்பிவிடும். "வேணுங்கறப்ப சூடு வராது, வேண்டாங்கறப்ப ஆறாது" என்றார் அண்ணன்.

எல்லா இன்ஜினும் இப்படி இல்லை. ஒற்றைத் தட்டு வால்வு உள்ள பழைய வண்டிகளில் கழற்றினால் சூடு உடனே குறையத்தான் செய்யும். கழற்றும் பழக்கம் வந்ததும் அங்கிருந்துதான் என்கிறார் அவர். போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய காலத்தில் உப்பும் துருவும் படிந்து வால்வு மூடிய நிலையிலேயே இறுகிவிடும். வண்டி கொதிக்கும். நடுவழியில் வேறு வழியில்லாமல் கழற்றிவிட்டு ஊர் போய்ச் சேர்வார்கள். "அதுல தப்பில்லீங்க பாப்பா. வீடு போய்ச் சேரணுமில்ல? மறுநாள் புதுசு போடணும். அதைத்தான் மறந்துடறாங்க."

இந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அவசரத்துக்குக் கழற்றுவது வேறு, 'நம் ஊருக்கு வேண்டாம்' என்று கழற்றுவது வேறு.

டீக்கடைப் பாத்திரத்தில் ஒரு பரிசோதனை

எங்கள் மாடலுக்கான தெர்மோஸ்டாட்டை வாங்கிவர ஒரு தம்பி பைக்கில் ராசிபுரம் போனார். திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. காருக்குள் மல்லி வாசம் மூக்கைத் துளைத்ததால் நாங்கள் வேப்பமரத்தடிக்கு மாறினோம். அம்மா அங்கேயே உட்கார்ந்து சீரகத்தில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

வால்வு வந்ததும் அதை நேராகப் பொருத்திவிடுவார் என்று நினைத்தேன். அண்ணன் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வாங்கி அடுப்பில் வைத்தார். வால்வை ஒரு கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தட்டின் மேல் '82' என்று பொறித்திருந்தது. தண்ணீர் ஆவி விட்டு, சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே வரத் தொடங்கிய நேரத்தில், தட்டு ஒரு நூல் விலகியது. தளதளவென்று கொதிக்கும்போது முழுசாகத் திறந்து நின்றது. வெளியே எடுத்து வைத்ததும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மூடிக்கொண்டது. டீக்கடையில் நின்றிருந்த நான்கைந்து பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "புதுசுலயும் சிலது செத்துப்போய் வருங்க. மாட்டிட்டு மலையில கண்டுபிடிக்கறதுக்கு, இங்கயே பாத்துடலாம்" என்றார்.

இதை நீங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் எந்த டிகிரியில் திறக்கிறது என்றும் தெரியும். பழைய வால்வைச் சோதித்த பாத்திரத்தை மட்டும் மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து பொருத்தும் வேலை. பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். வீட்டில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ளவர்கள் செய்யக்கூடிய வேலைதான். ஆனால், இன்ஜின் கைவைக்கும் அளவுக்கு முழுசாக ஆறியிருக்க வேண்டும்.

கூலன்ட்டை அடியிலிருந்து ஒரு தொட்டியில் வடித்துக்கொள்ள வேண்டும். தரையில் விடாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகள் கை வைக்கும். தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியைக் கண்டுபிடிக்க, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் வரை போங்கள், பல வண்டிகளில் அது முடியும் இடத்தில் இருக்கும். சில வண்டிகளில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். இரண்டு, மூன்று போல்ட்டுகள். பழைய வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று எடுக்கும் முன்பே போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மெழுகுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, வண்டி கொதிக்கும். தட்டில் ஒரு சின்ன ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

பழைய காஸ்கெட்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, புது காஸ்கெட்டோ ரப்பர் ரிங்கோ போட வேண்டும். பழையதையே பசை தடவிப் போடுவது வேண்டாம். போல்ட்டுகள் சின்னவை, உட்காரும் இடமோ அலுமினியம். மாற்றி மாற்றி, அளவாக முடுக்க வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்று முறுக்கினால் மரை போய்விடும்.

எங்கள் வண்டியில் துரு இருந்ததால், மூடும் முன் சுத்தமான தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினார். அதற்குப் பிறகு கூலன்ட். சரிபாதி கூலன்ட், சரிபாதி பேட்டரித் தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் கூடவே கூடாது. நாமக்கல், சேலம் பக்கத்து போர் தண்ணீர் எங்கள் வீட்டுக் குடத்திலேயே வெள்ளைப் படலம் கட்டும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை என்ன பாடு படுத்தும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குளிர்ப் பிரதேசத்துக்கு மட்டும்தான் கூலன்ட் என்பதும் தப்பு. கொதிநிலையைக் கூட்டுவதும் துருப் பிடிக்காமல் காப்பதும்தான் நமக்கு அதில் கிடைக்கும் லாபம். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள், இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

கடைசி வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது காற்று எடுப்பது. உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால், புது வால்வு போட்டும் வண்டி சூடாகும். பழி புது வால்வின் மேல் விழும். அண்ணன் ஹீட்டரை முழுசாகத் திறந்துவைத்து, மூடி திறந்த நிலையில் இன்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் வருவது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட் விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூடியைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். முள் நடுவில் வந்து நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

வால்வு 650 ரூபாய், கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, கூலி 400. எங்கள் கணக்கு இது. இப்போதைய பல கார்களில் பிளாஸ்டிக் கூடும் வால்வும் சேர்ந்தே வருவதால், இதைவிட நன்றாகவே கூடலாம். ஆனால், இன்னும் பத்து வளைவு பிடிவாதமாக ஏறியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் காஸ்கெட் போய், ஆயிலும் தண்ணீரும் கலந்து, கணக்கு பல ஆயிரங்களுக்குப் போயிருக்கும் என்றார் அண்ணன். அவர் பட்டறையில் பாதி பிரித்துப் போட்டிருந்த மினி லாரி அந்தக் கேஸ்தான்.

உங்கள் வண்டியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, முள்ளைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் அது நடுவுக்குப் பக்கத்தில் வந்து, அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறியதும் கீழே இறங்கி, சிக்னலில் நின்றதும் மேலே வந்தால், வால்வு திறந்தே கிடக்கிறது. பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, நீலம், சிவப்பு என இரண்டு விளக்குகள்தான். ஸ்டார்ட் செய்ததும் எரியும் நீல விளக்கு சில நிமிடங்களில் அணைய வேண்டும். வெகு நேரம் எரிந்தால் அதுவும் அதே சந்தேகம்தான்.

இன்னொரு சோதனைக்கு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் போதும். வால்வு மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் வண்டியில், ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களுக்கு அந்த ஹோஸ் ஜில்லென்றே இருக்கும். வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பானால், வால்வு திறந்திருக்கிறது, இல்லை என்றால் அப்பா வண்டி மாதிரி வால்வே இல்லை. முள் சிவப்புக்குப் போன பிறகும் ஹோஸ் ஆறியே இருந்தால், மூடி இறுகிவிட்டது. அந்த வண்டியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். ஹோஸைத் தொடும்போது துப்பட்டா, முந்தானை, சங்கிலி எல்லாவற்றையும் ஃபேனிலிருந்து தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும்.

தெர்மோஸ்டாட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகளில் தனிக் கெடு இருக்காது. வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் மாற்றும்போது எப்படியும் கூலன்ட்டை வடிக்கத்தான் போகிறார்கள். அப்போதே சேர்த்து மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம்.

மலைப் பாதையில் முள் ஏற ஆரம்பித்தால்? முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். வளைவில் நிறுத்தாமல், பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரிகிற நேரான, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை, முள்ளும் சிவப்பைத் தொடவில்லை என்றால் ஒன்றிரண்டு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விடலாம், ஃபேன் ஓடிச் சூட்டை இறக்கும். சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் ஜில் தண்ணீரை ஊற்றுவது இன்னொரு பிரபலமான தப்பு. சூடான உலோகத்தில் திடீரென்று குளிர் பட்டால் விரிசல் விடலாம்.

அன்றைக்கு நாங்கள் மறுபடி மலை ஏறவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க்கைப் பார்க்கச் சொல்லியிருந்தார் அண்ணன். பார்த்தோம். ஒரு விரற்கடை குறைந்திருந்தது, மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. மேல்கோடு வரை நிரப்பினோம். மைலேஜ் இந்த இரண்டு டேங்க்கில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே கூடியிருக்கிறது. பங்க்குகளைத் திட்டுவதை அப்பா நிறுத்திவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். 22-வது வளைவில் காருக்குள் யாரும் பேசவில்லை, நான்கு பேரும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 70-வது வளைவு வரை அது இருந்த இடத்தை விட்டு ஒரு முடிகூட நகரவில்லை. அறப்பளீஸ்வரர் தரிசனம் நல்லபடியாக முடிந்தது. இறங்கும்போது, அண்ணன் கடைக்கு என்று அம்மா ஒரு பலாப்பழம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம்: ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் 0.9, 1.1 என்ற எண்களுக்கு என்ன அர்த்தம்?